அம்சத்துக்கு ஒரு களம்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு கையேடு. சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு உள்ளூரில் என்னென்ன வளங்கள் கிடைக்கும் என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். பாபநாசம் பக்கத்து ஊர்களை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ‘தஞ்சை மாவட்டத்தில் நெல் உண்டு, உமி உண்டு, வெயில் உண்டு. ஆகவே நெல் அவித்து அரிசி விற்கும் தொழிலை இங்கே எவரும்—’

‘எவரும்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த எவருக்கும் ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். அம்சம். சேரியில் குடியிருப்பவள், நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். காலம் 1972. ஊர்ச் சுவரெல்லாம் ‘உழுதவனுக்கே நிலம்’ என்று எழுதியிருந்தது. சுவர்கள் மட்டும் மிராசுதார்களுடையவை.

2

முதல் ஆரம்பம்: ‘அண்டாவிலிருந்து ஆவி எழுந்தது, அம்சத்தின் கனவுகளைப் போல—’

(வேண்டாம். ஆவி ஆவியாகவே எழட்டும்.)

இரண்டாவது ஆரம்பம், கொஞ்சம் யோக்கியமானது:

குறுவை அறுப்பு முடிந்து கூலி நெல் குடிசைகளில் கிடந்தது. நெல்லாக விற்றால் வியாபாரி வைத்ததுதான் விலை. அவித்து, அரைத்து, அரிசியாகக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனால் கூடுதலாகக் கிடைக்கும். அம்சம் வீடு வீடாகப் போய்ப் பேசினாள். லாபத்தில் பங்கு என்று அவள் சொன்னதும் தெருவே தன் கூலி நெல்லை அவளிடம் அளந்து கொடுத்தது. அந்த நெல் போனால் அடைமழைக் காலத்தில் அங்கே ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது.

கல்யாணச் சமையலுக்கு வைத்திருந்த அண்டாக்களை வாடகைப் பாத்திரக் கடை ஹாஜா மைதீன் இரவல் கொடுத்தார். உமி மில்லில் சும்மா கிடைத்தது. மீதி களம் ஒன்றுதான். அவித்த நெல்லை அன்றே வெயிலில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைக்க வேண்டும். குவித்து வைத்தால் புளித்து நாறிவிடும், பிறகு மாடுகூட முகர்ந்து பார்க்காது.

ஊரில் இருந்த சிமெண்டுக் களம் மிராசுதார் வைத்தியலிங்கத்துடையது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, சமையல்காரர் பெயருக்கும் செத்துப்போன அத்தை பெயருக்கும் நிலத்தைப் பினாமியாக மாற்றியவர்.*

* மிகை என்று தோன்றினால் நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை.

3

அம்சம் அவர் வீட்டுக் கொல்லைக்குப் போய், அவர் மனைவி மங்களாம்பிகையிடம் கேட்டாள்.

“களம் சும்மாதானே கெடக்கு? காயப்போட்டுக்க. போறப்ப சுத்தமா கூட்டிட்டுப் போ” என்றாள் மங்களாம்பிகை.

அன்றைக்கே அம்சம் நெல்லை அவிப்பதற்கு ஊறப்போட்டுவிட்டாள்.

[இந்த இடத்தில் எனக்கு அம்சத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரி, மிராசுதாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊறப்போடுவாளா? போடுவாள். சாணி தட்ட, நெல் புடைக்க, பழையது வாங்க என்று பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்தது கொல்லை வாசல் ஒன்றுதான். அங்கே மங்களாம்பிகை சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை. களம் முன்வாசல் சமாசாரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முன்வாசலில் அவளை யாரும் நிற்கவிட்டதே இல்லை.]

4

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். நெல் அவித்த அன்று காய்கிற நாள். சேரிப் பெண்கள் ஆவி பறக்கும் கூடைகளைச் சுமந்துகொண்டு வந்தபோது, களத்தின் நடுவில் வைத்தியலிங்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யாரைக் கேட்டு வந்தீங்க?”

“அம்மா சொன்னாங்கய்யா.”

“அவ மோர் குடுக்கச் சொல்லுவா, குடிச்சிட்டுப் போ. களம் என்னோடது.” பிறகு நிதானமாகச் சொன்னார். “கூலி ஏத்தாம நடவுக்கு எறங்க மாட்டோம்னு உம் புருசன் தெரு முனையில கொடி நட்டிருக்கானே, அதை எறக்கச் சொல்லு. எல்லாரும் பழைய கூலிக்கு வாங்க. நானே ஆள் விட்டுக் காயவச்சுத் தரேன்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அவரை உண்டாக்கியவன் நான்தான், ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

5

ஒரு முடிவு: அம்சத்தின் புருசன் கண்ணுசாமி, சங்கத்துக்காரன், கொடியை இறக்குகிறான். நெல் காய்கிறது. தெரு பழைய கூலிக்கே, குறுவைக்கு அடுத்த தாளடி நடவில் இறங்குகிறது. அரிசி விற்றுத் திரும்பிய அம்சத்தோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொன்று: தார் ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறார்கள். கவர்மெண்டு ரோடு, யார் கேட்பது? மத்தியானம் வைத்தியலிங்கத்தின் டிராக்டர் சேற்றுழவு இரும்புச் சக்கரத்தோடு வருகிறது. நெல்லின் மேல் போகிறது. போன டிராக்டர் திரும்பியும் வருகிறது. சாயங்காலம், பாதையை மறித்ததாகக் கண்ணுசாமியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. (நான் எழுதியதில் நம்பும்படியாக இருந்தது இதுதான். கிழித்துப் போட்டுவிட்டேன்.)

மூன்றாவது: ‘அந்த ஊரில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புறம்போக்குக் களம் இருந்தது. சேரிக்காரர்களும் அங்கே தாராளமாக—’

யாரிடம் கதை விடுகிறேன்?

6

கண்ணுசாமி கொடிக்கம்பத்தடியில் நிற்கிறான். தெருவே அவனைச் சுற்றி நிற்கிறது.

“நீ சொல்லு அம்சம். எறக்கிடுறேன்.”

“என் வாயால சொல்ல வைக்காதய்யா” என்று அம்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க எழுதுற ஆளுதானே? எங்களுக்கு ஒரு களம் எழுதிக் குடுத்தா என்ன?”

நியாயமான கேள்வி. ஆனால் எந்த மூலையில் எழுதினாலும் அந்த மண்ணுக்கு ஏற்கெனவே யார் பேரிலாவது பட்டா இருக்கிறது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “படிக்கிறவங்களைக் கேட்டுப் பாக்குறேன்” என்றேன்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்களில் பலருக்கு மொட்டை மாடி இருக்கும். இந்தப் பெண்கள் ஈரக் கூடைகளோடு உங்கள் கூடத்தைத் தாண்டி மாடியேற வேண்டும். நாள் முழுக்க வெறுங்காலால் நெல்லைத் துழாவுவார்கள், நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். சரி என்றால் கண்ணுசாமி கம்பத்தை விட்டு வந்து கூடை தூக்குவான். இல்லையென்றால் கொடிக்கயிற்றை அவிழ்ப்பான்.

“என்ன சொல்றாங்க?” என்கிறாள் அம்சம்.

“யோசிக்கிறாங்க.”

“சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க. அடிக்கூடையில வாடை வந்துடுச்சு.”