குறுக்கே கிடந்த பாய்

மூத்தார் நடுராத்திரியிலேயே கிளம்பிப் போய்விட்டார் என்று பிலமோன் சொன்னபோதே வெரோலினுக்கு உறுத்தியது. மூன்று பேரும் சேர்ந்து புறப்படுவதாகத்தான் பேச்சு.

"எதுக்கு முன்னாடியே போனாராம்?"

"பாதை பாக்கவாம். பாதை என்ன, கால் முளைச்சு ஓடிடுமா? கெழவனுக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான். நீ நட."

வடகரையிலிருந்து சாம்பல்வெளியைக் கடந்து, தென்கரைப் பாறைகளுக்குக் கீழே இருக்கும் துறைக்கு இறங்க ஒரு முழுப் பகல் ஆகும். கப்பல் பொழுது சாய்வதற்குள் வந்து திரும்பிவிடும். அடுத்த கப்பலுக்குப் பதினைந்து நாள். ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போகும் கூட்டம் வியாழக்கிழமை தலைநகர் வீலாவில் விமானம் ஏறுகிறது. அவள் போய்ச் சேராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி ஏறுவாள். பட்டியலில் பின்னால் நிற்பவர்களுக்குக் குறைவில்லை.

ஏழு மாத வேலை. திரும்பி வந்ததும் வீட்டுக்கு மூடி போட்ட சிமெண்டுத் தொட்டி கட்டுவாள். எரிமலை இருமும்போதெல்லாம் கூரையில் சாம்பல் விழுகிறது. மழை அதைக் கழுவித் திறந்த பீப்பாயில் இறக்குகிறது. அதைத்தான் குடிக்கிறார்கள். எட்டு வயது மகளின் முன்பற்கள் இப்போதே பழுப்பு. சின்னவனுக்கு இன்னும் பால்பற்கள்தான். அவனுடைய அடுத்த பற்கள் முளைப்பதற்குள் தொட்டி வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

பிலமோன் தாய்மாமன் மகன். அவனிடம் எதையும் பேசலாம், எதற்கும் சிரிக்கலாம், அவன் தொப்பியைப் பிடுங்கிக் கடலில் போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மூத்தார் கணவனின் அண்ணன். அவர் பெயரை அவள் சொல்லக்கூடாது. அவரிடம் நேரடியாக ஒரு சொல் பேசக்கூடாது, அவரும் அப்படியே. அவளுடைய பாயையோ கூடையையோ அவர் தாண்டக்கூடாது. தாண்டினால் தந்தம் சுருண்ட பன்றி ஒன்றைக் கொடுத்து ஊர் நடுவில் தலை குனிந்து நிற்க வேண்டும். போன வருஷம் அவள் பாய் ஒன்று வழியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் போவதற்காக மூத்தார் சேப்பங்கிழங்குச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிப் போனார். பிலமோன் அதை இன்றுவரை நடித்துக் காட்டுகிறான்.

ஊர் எல்லைவரை கணவன் ரெக்சன் அவள் பையைச் சுமந்து வந்தான். கல்யாணத்தில் அவள் வீட்டார் கொடுத்த சிவப்பு நெசவுப் பாயை அவனே சுருட்டிக் கட்டித் தோளில் மாட்டிவிட்டான்.

"கப்பல் தளம் குளிரும்" என்றான். "எடுத்துட்டுப் போ."

போகாதே என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. பக்கத்து ஊரிலிருந்து போன லின்சியா இரண்டு வருஷமாகத் திரும்பி வராத கதையை அவன் அம்மாதான் மூன்று முறை சொன்னாள். மூத்தார் அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை.

காடு முடிந்து சாம்பல்வெளி தொடங்கும் விளிம்பில் அவரைப் பிடித்தார்கள். ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை கறுப்புச் சாம்பல், ஏற்கெனவே காய்ந்து போனது. வெளிக்குள் போய்த் திரும்பி வந்த கால். பாதை பார்க்கவே போயிருக்கட்டும். உள்ளே எவ்வளவு தூரம் போனார்?

"மச்சான், ரொம்ப தூரம் போயிட்டு வந்தாரான்னு கேளு."

மூத்தார் நாலடி தூரத்தில்தான் இருந்தார். பிலமோன் அவர் பக்கம் திரும்பி, "ரொம்ப தூரம் போனீங்களான்னு கேக்குறா" என்றான்.

"கொஞ்ச தூரம்னு சொல்லு."

"கொஞ்ச தூரமாம்."

"காது கேக்குது எனக்கு" என்றாள் வெரோலின்.

"கேட்டா என்ன, நான் சொன்னாத்தான் கணக்கு."

நடந்தார்கள். மூத்தார் முன்னால், பிலமோன் நடுவில், அவள் கடைசியில். சாம்பல்வெளியில் நிழல் கிடையாது. எரிமலையின் இரண்டு வாய்களிலிருந்தும் புகை எழுந்து காற்றில் சாய்ந்து கிடந்தது. தீக்குச்சி கொளுத்திய நாற்றம் தொண்டையில் உட்கார்ந்தது. கால் ஒவ்வொரு அடியிலும் அரை அடி பின்னால் சறுக்கியது. மழைநீர் அறுத்த பள்ளங்களில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் மூத்தார் நிதானமாக, தேவைக்கு மேல் நிதானமாக இறங்கினார். வயதா, வேண்டுமென்றா? அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பன்றி வேட்டையில் நாய்க்கு முன்னால் ஓடுகிறவர்.

அவள் சாம்பலைப் பார்த்தபடி நடந்தாள். அவர் ஏற்கெனவே வைத்த தடங்கள் அங்கங்கே தெரிந்தன. காற்று பாதி மூடியிருந்தது. போன தடம், வந்த தடம். அவை நிற்கும் இடத்தை எதிர்பார்த்து நடந்தாள். நிற்கவே இல்லை. வெளியின் மறுவிளிம்பு வரை போயின.

உச்சிவெயிலில் அங்கே போய்ச் சேர்ந்தபோது இலை தெரிந்தது.

காய்ந்த ஆற்றுப்படுகை வழியாகத் துறைக்கு இறங்கும் குறுக்குப் பாதையின் வாயில், நடு வழியில், ஒற்றை நமேலே இலை சாம்பலில் செருகி நின்றது. சீப்பு மாதிரி விறைத்த இலை, பச்சை மாறாதது. அதைப் பார்த்தவன் நிற்க வேண்டும். யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. தாண்டினால் பன்றி. பன்றி போனாலும் பரவாயில்லை, தாண்டினவன் என்ற பெயர் போகாது.

பிலமோன் தொப்பியைக் கழற்றினான். சிரிப்பு நின்றுவிட்டது. "போச்சு."

"பாறை வழியாப் போகலாம்னு சொல்லு" என்றார் மூத்தார்.

"பாறை வழின்னா ரெண்டு மணி நேரம் கூட ஆகும்" என்றாள் அவள், பிலமோனிடம். "கப்பல் போயிடும்."

"இலை நிக்குதுன்னு சொல்லு."

"நிக்குதுன்னு எனக்கும் தெரியுது. யார் வெச்சதுன்னு கேளு."

பிலமோன் கேட்கவில்லை. மூத்தார் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து இலையைப் பார்த்தாள், தொடவில்லை. வெட்டுவாயில் பிசின் இன்னும் ஈரமாக இருந்தது. சாம்பல்வெளியில் நமேலே முளைக்காது. கீழே ஊருக்குள்தான் இருக்கிறது. ஊரில் இலை வைக்கும் உரிமை, பன்றி கொன்று பட்டம் ஏறிய நான்கு பேருக்குத்தான். ஒருவர் படுத்த படுக்கை. இருவர் சாண்டோ தீவுக்குப் போயிருக்கிறார்கள். நான்காவது ஆள் முன்னால் நிற்கிறார். அவர் இடுப்பில் தொங்கிய வெட்டுக்கத்தியைப் பார்த்தாள். அலகில் பசை மாதிரி ஏதோ ஒட்டி, அதன் மேல் சாம்பல் அப்பிப் போயிருந்தது.

இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்ல முடியாது. அவரிடம் பேசும் வாயே அவளுக்குக் கிடையாது. பிலமோனிடம் சொன்னால் அவன் சிரித்து மழுப்புவான், அல்லது பயந்து ஊமையாவான். இலையைத் தாண்டிப் போனால் பிள்ளைகள் இரண்டும் அந்தப் பெயரோடுதான் வளரும்.

"சரி, பாறை வழி" என்றாள். "ஆனா நான் ஓடுவேன். முடிஞ்சா வாங்க."

"ஏ புள்ள, எனக்குத் தொப்பை இருக்கு."

"உருட்டிக்கிட்டு வா."

பாறை விளிம்பில் பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இடதுபக்கம் நாணல் புதர், வலதுபக்கம் காற்று. கீழே வெகு ஆழத்தில் கறுப்பு மணலை அலை நக்கிக்கொண்டிருந்தது. பழைய எரிகுழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காக உறைந்து நின்ற பாறை, கை வைத்த இடத்தில் பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்தது. தாழைவேர் கிடைத்த இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மூத்தாரின் நிதானம் காணாமல் போயிருந்தது. அவரும் ஓடாத குறையாக நடந்தார். எப்போதும் அவளுக்கு முன்னாலேயே இருந்தார். நேரத்தைக் கடத்தத்தான் இலை வைத்தார் என்றால் இப்போது ஏன் விரைகிறார்? அவளுக்கு இது முதலில் பிடிபடவில்லை.

ஓர் அகலமான இடத்தில் நின்றார்கள். மூத்தார் தென்னங்கீற்றுக் கூடையைத் திறந்து லாப்லாப் எடுத்து, வாழையிலையைப் பிரித்து, பிலமோனிடம் பெரிய துண்டைக் கொடுத்தார்.

"அவளுக்கும் குடு."

பிலமோன் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். சேனைக்கிழங்கும் தேங்காய்ப்பாலும். ரெக்சனின் அம்மா செய்தது. தின்றுகொண்டே கூடையைப் பார்த்தாள். அடியில் துணியால் சுற்றி எதையோ படுக்க வைத்திருந்தார். துணியின் நுனியில் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை தெரிந்தது. சீப்புப் பல் மாதிரி.

இரண்டாவது இலை.

இப்போது புரிந்தது. முதல் இலை அவளைத் தாமதப்படுத்த. அதையும் மீறி நேரத்துக்குப் போய்விட்டால், அவர் ஐம்பது அடி முன்னால் இறங்கித் துறைப் பாதையில் இதைச் செருகுவார். கப்பல் கண் முன்னால் நிற்கும். அவள் இலைக்கு இந்தப் பக்கம் நிற்பாள்.

தூரத்தில் கப்பல் ஊதியது. முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது, துருப்பிடித்த வெள்ளைக் கப்பல்.

"மச்சான்" என்றாள் மெதுவாக. "எனக்குத் தாகமா இருக்கு. இளநி வேணும்னு சொல்லு."

புதருக்கு உள்ளே நான்கு தென்னை நின்றன. இளநீர் கேட்ட பெண்ணுக்கு முடியாது என்று சொல்ல மூத்தாருக்கு வழியில்லை, அதுவும் தன் வீட்டுப் பெண். அவர் கப்பலைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிலமோனைப் பார்த்தார்.

"நீ ஏறு."

"நானா? மரம் சாஞ்சிடும் மாமா."

மூத்தார் கூடையைத் தோளிலிருந்து இறக்காமலே புதருக்குள் போனார்.

பையை அங்கேயே விட்டுவிட்டு அவள் ஓடினாள்.

அகலமான இடத்துக்கு அப்பால் பாதை ஒரு பாறை மடிப்பில் ஒடுங்கியது. ஒரு ஆள் போகும் அகலம். இடதுபக்கம் நிமிர்ந்த சுவர், வலதுபக்கம் ஒன்றுமில்லை. அதைக் கடந்தவுடன் துறைக்கு இறங்கும் கல்படிகள். அவள் அதற்குள் நுழைந்தபோது பின்னால் கூப்பிடும் சத்தம் கேட்டது, பிலமோனின் பெயரை. அவள் பெயரைக் கூப்பிட அவருக்கு வாயில்லை.

மடிப்பின் மறுமுனையில் நின்று தோளிலிருந்து பாயை இறக்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. ரெக்சன் போட்ட முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தாள். பாயை உதறி, சுவரிலிருந்து விளிம்பு வரை குறுக்கே விரித்து, பறக்காமல் இருக்க நான்கு கல்லைத் தூக்கி வைத்தாள். ஒரு ஆள் நீளம் பாதையே தெரியவில்லை. சிவப்பு மட்டும்தான்.

மூத்தார் மூச்சு வாங்க வந்தார். கையில் இளநீர். பாயைப் பார்த்ததும் கயிற்றால் இழுத்த மாதிரி நின்றார்.

பின்னால் பிலமோன் அவள் பையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா" என்றான் பிலமோன். "இங்க இறங்கிப் போக சேறுகூட இல்ல."

மூத்தார் அவனை அடிப்பார் என்று அவள் நினைத்தாள். அடிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கூடையில இருக்கறதைத் தெரியும்னு சொல்லு" என்றாள் வெரோலின். "கத்தியில இருக்கறதும் தெரியும்னு சொல்லு. என் பிள்ளைங்க பல்லு என்னத்துக்காகப் போகணும்னு கேளு."

பிலமோன் வாயைத் திறந்தான். மூத்தார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெட்டினது நான்னு சொல்லு. எனக்கு அவ போனா என்ன, இருந்தா என்ன. வெட்டச் சொன்னது என் தம்பின்னு சொல்லு. ராத்திரி வந்து என் வாசல்ல நின்னு கேட்டான். முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்ல அவனுக்கு வாய் வரலையாம். இலை சொல்லட்டும்னான். தம்பி கேட்டா நான் என்ன பண்றது?"

பிலமோன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னான், வார்த்தை மாறாமல், கீழே பார்த்துக்கொண்டு.

அவள் பாயைப் பார்த்தாள். கப்பல் தளம் குளிரும் என்று சுருட்டித் தந்த கை. காலையிலிருந்து ஒவ்வொரு அடியிலும் மூத்தாரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். பையைச் சுமந்து வந்தவனைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

கீழே படகின் இயந்திரம் கேட்டது. கப்பலிலிருந்து ஆள் ஏற்ற வருகிறார்கள்.

"மச்சான், நீ தாண்டலாம். என் பையைத் தூக்கிட்டு வா."

பிலமோன் மூத்தாரிடமிருந்து இளநீரை வாங்கிக்கொண்டு பாயின் மேலேயே நடந்து வந்தான். அவனுக்கு அதில் குற்றமில்லை. இளநீரை அவளிடம் கொடுத்தான். நிஜமாகவே தாகமாக இருந்தது. நின்றபடி முழுவதும் குடித்தாள்.

"பாயைச் சுருட்டவா?"

"கப்பல் முனையைத் தாண்டற வரைக்கும் தொடாதே."

"அப்புறம்?"

"அவர்கிட்ட கொண்டுபோய்க் குடு. ரெக்சன்கிட்ட."

"என்ன சொல்ல?"

அவள் யோசித்தாள். "முடிச்சு ரொம்ப இறுக்கம்னு சொல்லு. ஏழு மாசம் கழிச்சு வந்து வாங்கிக்கிறேன்னும் சொல்லு."

"வருவியா?"

"பிள்ளைங்க அங்கதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். ரெக்சனுக்காக வருவேன் என்று சொல்லவில்லை. பிலமோன் அதைக் கவனித்தான். ஆனால் கேலி செய்யவில்லை.

படகு ஆடியது. அலை இரண்டு முறை அவளைத் துறைக்கல்லிலேயே திருப்பி விட்டது. மூன்றாவது முறை யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். இடுப்புவரை நனைந்துவிட்டது. கப்பல் தளத்தில் கோழிக்கூடைகளுக்கும் கொப்பரை மூட்டைகளுக்கும் நடுவில் ஓரிடம் கிடைத்தது. பாய் இல்லாத இரும்புத் தளம். ரெக்சன் சொன்னது சரிதான், குளிர்ந்தது.

கப்பல் முனையை நோக்கித் திரும்பியபோது மேலே பார்த்தாள். கறுப்புப் பாறையில் சிவப்பாக ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இன்னும் எழவில்லை. இந்தப் பக்கம் பிலமோன் நின்றுகொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கை கால் ஆட்டிய விதத்தைப் பார்த்தால், சேப்பங்கிழங்குச் சேற்றில் இறங்கிய கதையை அவரிடமே நடித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.