கொம்புச் சாயம்

ரஞ்சிதாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காலையில் ஓசூர் கால்நடை ஆய்வு ஆபீசில் மேலதிகாரி ஜெபராஜ் சார் எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார், "ஒரே மாட்டு ரத்தத்தை ரெண்டு குழாயில ஊத்தி ரெண்டு மாடுன்னு எழுதுனியா?" ஜவளகிரி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடிகூட எவ்வளவு இழுத்தும் மூடாமல் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் தன் மாட்டின் மரபணுவைப் படித்துக்கொண்டிருந்த 2007ஆம் ஆண்டு. நம் மலை மாட்டையும் படிப்போமே என்று தொடங்கிய ஆய்வு. ஊர் ஊராக ரத்தம் எடுத்தாலும், பரம்பரையாகச் சினை ஊசியே பார்க்காத, கலப்பில்லாத மாடு திம்மப்பனிடம் மட்டும்தான் இருந்தது. ஆய்வே அதை நம்பித்தான். ஆனால் அவர் மாடும் பக்கத்து வீட்டுக் கங்கப்பன் மாடும் ஒன்றேதான் என்கிறது பெங்களூர் ஆய்வகம். புது ரத்தம் கொண்டு போகாவிட்டால் மோசடிக்காரி என்ற பெயரோடு வேலை போகும்.

"வாங்க மேடம், காப்பி சாப்படறீங்களா?" என்றார் திம்மப்பன்.

"காப்பி இருக்கட்டுங்கண்ணா. அன்னிக்கு யாரு மாட்டைக் காட்டுனீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "கங்கப்பன் மாடுதான்."

"அது கொம்பு செவப்பாச்சே! நீங்க காட்டுனது நீலம்."

"நான்தான் அதும்மேல நீலம் அடிச்சேன். நம்மளுது எலும்பும் தோலுமா நின்னுச்சு. டாக்டரம்மா வர்றீங்க, அதைப் போயி எப்படிக் காட்டறது? பொண்ணு பாக்க வந்தா பக்கத்து வீட்டு நகையை வாங்கிப் போடறதில்லையா?"

ரஞ்சிதா தலையில் அடித்துக்கொண்டாள். படித்த படிப்பெல்லாம் ஒரு டப்பா பெயிண்டிடம் தோற்றுவிட்டது. போகட்டும், இப்போதும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. ஊசியையும் குழாயையும் எடுத்தாள்.

"அந்த எலும்பும் தோலும்தாண்ணா எனக்கு வேணும். ஓட்டிட்டு வாங்க."

திம்மப்பன் கையை நீட்டிக் காட்டினார். மாட்டுக் கொட்டகையில் புதுக் கயிற்றில் ஒரு கிடாரிக் கன்று மட்டும் நின்றது.

"கங்கப்பன் மாட்டுக் கன்னு மேடம். அன்னிக்கு இதோட தாயைத் தட்டிக்குடுத்து, மாடுன்னா இதுதான் மாடுன்னு சொன்னீங்களே? நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு ஆசை வந்திருச்சு."

"அப்ப பழைய மாடு?"

"போன வாரம் சந்தையில அடிமாட்டுக்குக் கேரளா லாரியில ஏத்திட்டேன்."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? தட்டிக்கொடுத்த கை அவளுடையது.

திம்மப்பனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "வேணும்னா கங்கப்பன் மாட்டையே ஓட்டியாரட்டுமா மேடம்? பச்சைப் பெயிண்டும் கொஞ்சம் இருக்குது" என்றார்.