மந்தாரக்குப்பத்தில் சொன்ன பெயர்

செவ்வாய்க்கிழமைகளில் மந்தாரக்குப்பம் போய்விட்டு வந்தால் மரியஜோசப் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிட்டார். ஆனிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

அவர் போய்வந்தது சாவு வீட்டுக்கு. சுரங்கத்தில் அவரோடு கான்ட்ராக்டில் வேலை பார்த்த வளவனின் மகன், எட்டு வயதுப் பையன், மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வளவனும் அவன் மனைவி மணிமொழியும் இந்துக்கள். துக்க வீடு எந்த மதமானாலும் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்வதும், அவர்கள் கேட்டால் செபிப்பதும் பங்குக் கோயிலில் மரியஜோசப்புக்குக் கொடுத்திருந்த பொறுப்பு. எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறார். இந்த வீட்டுக்கு மட்டும் முதல் ஷிப்ட் அலுப்பு தெரியாமல் முகம் கழுவி, தலை வாரிக் கிளம்பினார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

ஆனிக்கு அவர்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. வளவன் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போகிறார் என்று தெரியும். இருந்தும் வயிறு எரிந்தது. அவர்களுடைய ஒரே மகள் நான்சி மூளைக் காய்ச்சலில் இறந்து, அந்தத் தொண்ணூற்றெட்டாம் வருடத்தோடு நாலு வருடம். ஆறு வயதில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆனி பேச்செடுத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு குடியிருப்பு பிளாக்கைச் சுற்றிவரப் போய்விடுவார். யார் யாருக்கோ ஆறுதல் சொல்ல வாய் இருக்கிறது, எனக்குச் சொல்ல இல்லையா என்று அடுப்படியில் நின்று பொருமுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"எதுக்கு ஆனி? உனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"இருந்துட்டுப் போவுது. வண்டிய எடுங்க."

ஒற்றை அறை வாடகை வீடு. வளவன் பால் வாங்கிவரக் கிளம்ப, மரியஜோசப்பும் அவனோடு நடந்தார். பாயை விரித்துப்போட்டு, மணிமொழி ஆனியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கள வரச் சொல்லிக்கினே இருந்தேங்க்கா. நான்சியப் பெத்தவங்களப் பாக்கணும்னு."

ஆனி நிமிர்ந்து பார்த்தாள். "பேரு சொன்னாரா?"

"பேரு மட்டுமா? மாம்பழத்தத் தோலோட தின்னுமாம். ஷிப்ட் சைரன் ஊதுனா அப்பா வர்றாருன்னு வாசல் கேட்டுக்கு ஓடுமாம். சொல்லிக்கினே அழுதுட்டாருக்கா. மொத மொத வந்தப்ப நான் கோவத்துல கேட்டேன், உங்க சாமி உங்க வூட்டுல புள்ளய எடுத்துருக்குதான்னு. எடுத்துருக்குன்னாரு. உங்க ஏசுவும் கூட்டாளியோட கல்லறைக்கு முன்னால நின்னு அழுதவருதானாமே. அழுவாத சாமின்னா எனக்கு வேணாம்னேன், எனக்கும் வேணாம்மான்னாரு."

ஆனிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அழுகை அவளுக்குச் சேரவேண்டியது. நாலு வருடம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தவள் அவள். இந்தப் பெண் இரண்டே மாதத்தில் வாங்கிக்கொண்டுவிட்டாள். எதிரில் இருப்பவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதுகூட ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினாள்.

மணிமொழி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கட்டுங்களாக்கா? அண்ணன் சொல்றாரு, செத்தவங்க கடவுள்கிட்ட உசுரோட இருக்காங்க, ஒருநாள் பாப்போம்னு. நீங்க நம்புறீங்களா, பாப்பாவப் பாப்பீங்கன்னு?"

ஞாயிறுதோறும் கோயிலில் மனப்பாடமாகச் சொல்வதுதான். ஆனால் இப்படி முகத்தைப் பார்த்து யாரும் கேட்டதில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"காலைல நம்புறேன். பொழுது சாஞ்சா முடியல மணிமொழி. அப்ப கோயிலுக்குப் போயி உக்காந்துருவேன். எனக்கும் சேத்து வேற யாராச்சும் நம்பட்டும்னு. ஆனா விட்டுட முடியல. ஏசு கைய விட்டா எம்பொண்ணு கையையும் விட்ட மாதிரி."

மணிமொழி அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். ஆனி அவளை அணைத்துக்கொண்டாள். பொறாமை அப்போதும் உள்ளே இருந்தது. ஆனாலும் அணைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

திரும்பும் வழியில், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அவகிட்ட அழ முடியுது. எங்கிட்ட ஏன் முடியல?"

மரியஜோசப் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சொன்னார்: "புள்ளைக்குக் காய்ச்சல் வந்தன்னைக்கு, சாயந்தரமே ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நீ சொன்ன. நாந்தான் காலைல பாத்துக்கலாம்னேன். ஒம் முகத்தப் பாத்தா அதான் ஞாபகம் வருது. நீ ஒருதடவ அதச் சொல்லிக் காட்டிட்டா நான் செத்துருவேன் ஆனி."

அவளுக்கு அது நினைவே இல்லை. இத்தனை வருடம் அவர் இதைச் சுமந்துகொண்டா செருப்பை மாட்டினார்? "நான் நெனைக்கவே இல்லீங்க," என்றாள். அவர் அவளைப் பார்த்தபடியே அழுதார். சாலையில் போன ஷிப்ட் பஸ்ஸிலிருந்து யாரோ எட்டிப்பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

மறுநாள் மாலை, காபி குடித்துக்கொண்டே, "நான்சியோட அந்த ஊதா கவுன் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"ஊதாவா? பச்சைங்க அது."

"ஊதாதான். நாந்தான் கடலூர்ல துணி வாங்கியாந்தேன்."

"தச்சது நானு. எனக்குத் தெரியாதா?"

அரைமணி நேரம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டார்கள்.