ரன்: முப்பத்தோராம் பொருள்

ஆங்கிலத்தில் மனிதன் ஓடினால் ரன். அது குழந்தைக்கும் தெரியும். மூக்கு ஒழுகினாலும் ரன்தான். மட்டமான சட்டை சாயம் விட்டாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். கோழியை அடைத்து வைக்கும் கம்பி வலைக்குள் அது நாலடி நகர முடியாவிட்டாலும் அந்த இடத்துக்குப் பெயர் ரன். இந்த ஒற்றை வார்த்தைக்கு எங்கள் அகராதி அலுவலகத்தில் நூற்று எழுபத்தெட்டுப் பொருள் கண்டுபிடித்திருந்தோம். கண்டுபிடித்திருந்தோம் என்று நான் சொல்வது ஒரு பேச்சுக்கு. கண்டுபிடித்தது மிஸ் வினிஃப்ரெட் ஆஸ்க்யூ ஒருத்திதான். அந்த வார்த்தைக்கு மட்டும் மூன்று வருடம். மொத்த அகராதிக்குப் பதினொரு வருடம்.

நான் டோரிஸ் பாட்ஸ். பத்திரிகைகளைப் படித்து, வார்த்தைகளுக்கு ஆதாரமான வரியை வெட்டி, சீட்டில் ஒட்டித் தேதியும் பக்க எண்ணும் எழுதுபவள். கையில் எப்போதும் பசை நாற்றம். தலைமை ஆசிரியர் டாக்டர் ஃபெதர்ஸ்டன் மீது நல்ல ஷெர்ரி ஒயினின் வாசனை. பதினொரு மணிக்கு வருவார், டீ குடிப்பார், மிஸ் ஆஸ்க்யூ எழுதி வைத்த தாள்களின் மூலையில் தன் முதலெழுத்துகளைக் கிறுக்குவார், ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார். போனால் போனதுதான். இதற்கு எங்கள் அலுவலகத்தில் 'தொகுத்தல்' என்று பெயர்.

அவருக்கு ஒரே ஒரு மந்திரம் உண்டு. அச்சில் வராதது உலகத்தில் கிடையாது. "தெருவுல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, டாக்டர்" என்று ஒருமுறை வாய்விட்டேன். "தெருவுக்குப் பக்க எண் உண்டா, மிசஸ் பாட்ஸ்?" என்றார். அன்றிலிருந்து அவரிடம் நான் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினேன்.

1958 மார்ச் மாதம் முன்னுரையின் அச்சுப்படி வந்தது. நன்றி சொல்லப்பட்டவர்கள்: பழைய புத்தகங்கள் கொடுத்த பிஷப், பொறுமையே உருவான மனைவி, கிளப் நூலகர், அப்புறம் காலடியில் படுத்துக் கிடந்த பென்னி. பென்னி ஒரு ஸ்பேனியல் நாய். கடைசி வரியில் 'உதவிய அலுவலகப் பெண்கள்'. மிஸ் ஆஸ்க்யூவின் பெயர் எங்கும் இல்லை.

வெறும் பெருமைப் பிரச்சினை என்றால் அவள் விட்டிருப்பாள். புத்தகம் வெளிவந்ததும் அலுவலகத்தை மூடப்போகிறார்கள். அவளுக்கு வயது ஐம்பத்து நாலு. வடக்கே ஒரு கல்லூரியில் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தாள். அகராதியில் உங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பதில் வந்திருந்தது.

அவள் அவர் அறைக்குப் போனபோது நான் கணப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், முன்னுரையில என் பேர் விட்டுப்போயிருக்கு."

"விட்டுப்போகல, மிஸ் ஆஸ்க்யூ. ஒவ்வொருத்தர் பேரையும் போட்டா அது டெலிபோன் டைரக்டரி ஆயிடும்."

"நாய் பேர் இருக்கே."

"நான்தான் எழுதினேன்னு பென்னி உரிமை கொண்டாடலையே!" அவருடைய நகைச்சுவைக்கு அவரே சிரித்தார்.

"எழுதினது நான்தானே, டாக்டர்?"

"எந்தத் தாள்ல உங்க கையெழுத்து இருக்கு? எல்லாத்துலயும் என்னோடதுதானே இருக்கு? ஆதாரம் இல்லாம நாம ஒரு வரியும் போடறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

மிஸ் ஆஸ்க்யூ வெளியே வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரி வாளியை அவர் மேஜையில் கவிழ்த்திருக்கலாம். இன்றைக்கும் அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அடுத்த வாரம் எங்கள் ஊர் மாலைப் பத்திரிகையில் கத்தரி வைத்தேன். நாலாம் பக்கத்தில் வணிகர் சங்க விருந்துச் செய்தி. பேச்சாளர் நம்முடைய டாக்டர். கோழிக்கறியும் ஒயினும் உள்ளே போனதும் தன்னடக்கம் வெளியே வந்திருக்கிறது. 'அகராதியை ரன் பண்ணுவது மிஸ் ஆஸ்க்யூ. நான் கையெழுத்து மட்டும்தான் போடுகிறேன்' என்றாராம். பலத்த சிரிப்பு என்றும் அச்சிட்டிருந்தார்கள்.

வெட்டினேன், ஒட்டினேன். வார்த்தை, ரன். பொருள் முப்பத்தொன்று, ஒரு நிறுவனத்தை நடத்துதல். சொன்னவர், தேதி, பக்கம் எல்லாம் எழுதி அவள் மேஜையில் வைத்தேன்.

மூன்று முறை படித்தாள். "தேதி சரிதானே, டோரிஸ்?"

"பக்க எண்ணும் சரி, மிஸ்."

அந்த இடத்தில் ஏதோ ஓர் அமைச்சர் ரயில்வேயைப் பற்றிச் சொன்ன மேற்கோள் இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைத்தாள். சிரிக்கக்கூட இல்லை.

டாக்டர் எதையும் படிக்கமாட்டார். ஆனால் அச்சுக்கூடத்துக்காரர்கள் படித்தார்கள், சிரித்தார்கள், சிரிப்பு கிளப் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக மனிதர் காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றார்.

"என்ன விளையாட்டு இது? எடுங்க அதை!"

"எடுக்கலாம், டாக்டர். சீட்டுல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றாள் மிஸ் ஆஸ்க்யூ.

"விருந்துல சும்மா சொன்னதும்மா அது!"

"சும்மா சொன்னதுன்னு ஒரு காரணம் பட்டியல்ல இல்ல. மூணுதான் இருக்கு. அச்சுப்பிழை, பொருள் பொருந்தல, ஆதாரம் நம்பத்தகாதது."

"அச்சுப்பிழைன்னு போட்டுக்கோங்க."

"நிருபர்கிட்ட கேட்டுட்டேன். குறிப்பு வச்சிருக்காரு. பொருளும் நல்லாவே பொருந்துது."

அவர் பேனாவைப் பிடுங்கினார். சீட்டின் அடியில் 'ஆதாரம் நம்பத்தகாதது' என்று எழுதி, வழக்கம்போல் முதலெழுத்துகளைக் கிறுக்கிவிட்டு, டீ எங்கே என்று கேட்டபடி போய்விட்டார். 'சொன்னவர்: டாக்டர் ஃபெதர்ஸ்டன்' என்ற வரிக்கு நேர் கீழே எழுதியிருக்கிறோம் என்பது அந்த மேதைக்கு உறைக்கவே இல்லை.

"போச்சு, மிஸ். இதுவும் போச்சு" என்றேன்.

அவள் அலுவலக விதிப் புத்தகத்தைத் திறந்தாள். டாக்டரே எழுதியது. விதி பதினாலு: ஒருவரை நம்பத்தகாத ஆதாரம் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தால், அந்த நபருடைய மேற்கோள்கள் அனைத்தும் அகராதி முழுவதிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். எவனோ ஒரு பொய்யன் நாவலாசிரியனுக்காகப் போட்ட விதி அது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். டாக்டருக்குத் தன் எழுத்தின் மீது தீராத காதல். மீன்பிடிப்பது பற்றியும் ஒயின் பற்றியும் மலையேறுவது பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகளை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை. அவற்றிலிருந்து அகராதி முழுக்க வரிகளைத் திணித்திருந்தார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இடம். சிறந்த எழுத்தாளர்கள் காத்திருக்க, இவருடைய தூண்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

"சிவப்புப் பென்சில் எடுங்க, டோரிஸ்" என்றாள் மிஸ் ஆஸ்க்யூ.

இரண்டு நாள் அடித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த அலுவலகத்தில் வேலை செய்ததே இல்லை. மூன்றாம் நாள், ஏன் இவ்வளவு திருத்தம் என்று அச்சுக்கூடம் அவரைக் கேட்டிருக்கிறது. வாசலில் வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க, மிஸ் ஆஸ்க்யூ?"

"விதி பதினாலு, டாக்டர்."

போனார். ஒரு மணி நேரம் கழித்து முன்னுரைத் தாளோடு திரும்பினார். பிஷப்புக்கு மேலே, மையில், மிஸ் வினிஃப்ரெட் ஆஸ்க்யூ.

அவள் படித்தாள். "உதவியவர்னு இருக்கே, டாக்டர்."

அதை அடித்துவிட்டு 'எழுதியவர்' என்று போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, வந்ததாகச் சொன்னால் பொய்.

அவள் தாளை உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தாள். "நேரா அச்சுக்கூடம். வேற யார் கையிலயும் குடுக்காதீங்க, டோரிஸ்." நான் கோட்டை மாட்டிக்கொண்டேன்.

"சரி, இப்ப அந்தச் சீட்டைக் குடுங்க, கிழிச்சுடறேன்" என்றார் அவர்.

"அது சீட்டுப் பெட்டிக்குப் போயிடுச்சு, டாக்டர். கையெழுத்தான சீட்டை வெளிய எடுக்கக்கூடாது. அதுவும் உங்க விதிதான்." சொல்லிக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டி, மலையேற்றக் கட்டுரை ஒன்றின் வரியைக் குறுக்கே அடித்தாள். அது நூற்று நாற்பத்தொன்றாவது.

அவர் அசையாமல் நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க, டாக்டர். காத்துல சீட்டெல்லாம் பறக்குது."