இரைச்சலோடயே குடுங்க

1

இந்தக் கதை முழுக்க என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வசனங்களைத் திருடினேன். மீதியெல்லாம் திருட்டுப் பொருளை ஒளித்துவைக்க நான் கட்டிய வீடு.

காதுக்கருவிக்கு பாட்டரி வாங்கப் போயிருந்தேன். அந்தக் கடையின் பின்பாதியில் இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் மேஜை போட்டிருக்கிறார். நடுவில் துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கம்:

"இரைச்சல் இல்லாதது இருக்கு. இரைச்சலோடயும் இருக்கு. எது வேணும்?"

"இரைச்சலோடயே குடுங்க."

பெண் குரல். யோசிக்காமல் சொன்னாள் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். எப்போதோ யோசித்து முடித்துவிட்ட குரல் அது. பாட்டரிக்காரர் என் கையில் மீதிச் சில்லறையை வைத்து அழுத்தினார். நான் திரும்பியபோது கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த உலகத்தில் எல்லோரும் இரைச்சலைத் திட்டுவார்கள். கேட்டு வாங்கிப் போனவள் இவள் ஒருத்திதான். வீடு வந்து சேரும்வரை புதுப் பாட்டரியை மாட்ட மறந்திருந்தேன்.

2

முதல் தொடக்கம்: "எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைப் பிடிக்கும் பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான முறை…"

(நிறுத்திவிட்டேன். இதில் யாரும் பேசவில்லை. யாரும் பேசாத பக்கத்தில் எனக்கு மூச்சு முட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் மேடையில் எப்போதும் திரும்பியே நின்றாள். அவள் தோளில் ஒரு சோகம்…"

(சோகமா? யார் சொன்னது? அடித்தேன்.)

மூன்றாம் தொடக்கத்தை நான் எழுதவில்லை. அதுவாகவே பேசியது:

"அக்கா, இந்தத் தடவையாவது ஜனங்களைப் பாத்து வாசிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கித் தொலை."

தங்கை வந்துவிட்டாள். நான் கூப்பிடவே இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல்தான் கேட்டது என்று சொல்லிப்பார்த்தேன். "நான் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்தேன், உங்களுக்குக் கேட்டிருக்காது" என்கிறாள். என்ன செய்வது?

3

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதே குழுவில் பாடகி. டிரம்ஸ் வாசிப்பவர் வாரநாட்களில் லிஃப்ட் மெக்கானிக். குழுவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். அதிகம் பேசமாட்டார்.

(அக்காவுக்கு முன்பு கல்யாணம் ஆகியிருந்ததா என்று எழுதப் போனேன். "அது வேற கதைங்கம்மா, இதுல கொண்டுவந்து கொட்டாதீங்க" என்றாள் தங்கை. சரி.)

பழுதுபார்ப்பவர் கிட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பிக்கப் செத்துப்போச்சும்மா. இன்னொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. ஜோடியா மாத்திடலாம்."

மேஜையில் மூன்று ஜோடிகளை வைத்தார்.

"இது உங்க பழசு மாதிரியே. ஒத்தைச் சுருள். கம்பி அதிர்றதை அப்படியே பிடிச்சுக் கண்ணாடி மாதிரி குடுக்கும். ஆனா பக்கத்துல டியூப்லைட் எரிஞ்சா, மோட்டார் ஓடினா, அதையும் பிடிச்சுக்கிட்டு உர்ர்ருனு உறுமும். இது ரெட்டைச் சுருள், பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு உறுமினா மத்தது எதிர்ப்பக்கமா உறுமும். ரெண்டும் மோதி அடங்கிடும். குரல் கொஞ்சம் தடி. கிட்டார் மரத்தை வெட்டித்தான் வைக்கணும்."

"மரத்துல கை வைக்காதீங்க," என்றாள் அக்கா.

"அப்போ இந்த மூணாவது. ரெண்டு சுருளையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது. அதே பள்ளத்துல உக்காந்துக்கும். உறுமாது. பளபளப்பு ஒரு சிட்டிகை குறையும், அவ்வளவுதான்."

"இதான்! இதையே போடுங்க," என்றாள் தங்கை. "ஒன்பது வருஷமா இவ டிரம்ஸ் பக்கமே திரும்பி நின்னு வாசிக்கிறா சார். அந்தப் பக்கம் திரும்பினாத்தான் உறுமல் நிக்குதாம். போன வாரம் ஒருத்தர் வந்து, 'அந்த முதுகு நல்லா வாசிக்குதுங்க'ன்னு என்கிட்ட பாராட்டிட்டுப் போறார்."

"இரைச்சலோடயே குடுங்க," என்றாள் அக்கா.

"ஏன்?"

"பழகிடுச்சு."

"பல்வலிகூடப் பழகும். எனக்கு வாய்ச்ச குழு அப்படி! இவ ஒயரை மாட்டிக்கிட்டு, உறுமல் எங்க நிக்குதுன்னு மேடையில கோழி மாதிரி சுத்துவா. லிஃப்ட்காரர் டிரம்ஸுக்குக் கீழ போடுற கம்பளத்தைச் சுருட்டி அக்குள்ல வச்சுக்கிட்டு மரமா நிப்பார். அதை விரிச்சாத்தானே டிரம்ஸை எடுத்து வைக்க முடியும்? விரிக்கமாட்டார். அரைமணி நேரம்!"

(கடைசி வசனத்தை நான் பக்கம் நிரப்பத்தான் எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன். தங்கைக்கு வாய் நீளம் என்று காட்டினால் போதும் என்று நினைத்தேன்.)

4

இங்கே எனக்கு அக்காவின் மேல் சந்தேகம் வந்தது. வேலையில் நூலளவு பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போடுகிறவள். அவளா "பழகிடுச்சு" என்பாள்? நான் பேனாவை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். தங்கைக்கும் அதே நேரத்தில் அதே சந்தேகம்.

"அக்கா. நீ மேடையில லிஃப்ட்காரரைப் பாக்கிறியா?"

"இரைச்சல் நிக்கிற பக்கத்தைப் பாக்கிறேன்."

"அந்தப் பக்கத்துக்கு மீசை இருக்கா?"

பழுதுபார்ப்பவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மேஜை முழுக்கத் தேட ஆரம்பித்தார். நாகரிகமான மனிதர்.

விஷயம் இதுதான், உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. இரைச்சல் போனால் சாக்கு போய்விடும். அதன்பிறகும் அக்கா அந்தப் பக்கம் திரும்பினால் ஊருக்கே புரிந்துவிடும். திரும்பாவிட்டால், இந்த ஒன்பது வருஷமும் வெறும் டியூப்லைட் கோளாறு என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொள்வார். அடுத்த நிகழ்ச்சி இந்தச் சனிக்கிழமை.

5

எழுத்தாளர்கள் சோதனை செய்து பார்க்கக்கூடாது. நான் செய்தேன்.

என் காதுக்கருவிக்குள்ளும் டெலிஃபோனுக்கென்று ஒரு குட்டிச் சுருள் இருக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டு சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே மெல்லச் சுற்றினேன். உர்ர்ர்ர். ஜன்னலைப் பார்த்ததும் நின்றது! இன்னும் சுற்றினேன். உர்ர்ர்ர். ஃபிரிட்ஜைப் பார்த்ததும் மறுபடி நின்றது.

மருமகள் வந்து எட்டிப்பார்த்தாள். "அத்தை, என்ன பண்றீங்க?"

"எழுதிக்கிட்டிருக்கேன்மா."

"சரி, விழுந்துடாம எழுதுங்க."

கூடத்துக்குப் போனேன். அங்கே ஜன்னலைப் பார்த்தால் உறுமியது. செருப்பு அலமாரியைப் பார்த்தபோதுதான் நின்றது. அறைக்கு அறை திசை மாறுகிறதென்றால், மண்டபத்துக்கு மண்டபம் மாறாதா? அப்படியானால் ஒன்பது வருஷமாக, போன இடத்திலெல்லாம், டிரம்ஸ் பக்கமே எப்படி

(இந்த வாக்கியத்தோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கதையில் ஓட்டை. யானை நுழைகிற ஓட்டை. கிழித்துப் போடலாம் என்றுகூட எழுந்தேன். பிறகு, என் ஓட்டையை நான் ஏன் சுமக்கவேண்டும், அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.)

6

"ஒரு சந்தேகம்மா," என்றார் பழுதுபார்ப்பவர். "மண்டபத்துக்கு மண்டபம் உறுமல் நிக்கிற திசை மாறுமே. உங்களுக்கு மட்டும் எப்பவும் டிரம்ஸ் பக்கமே எப்படி நிக்குது?"

"அதிர்ஷ்டம்," என்றாள் அக்கா, சட்டென்று.

இந்தக் கதையில் தங்கை வாய் மூடியது இதுதான் முதல் தடவை. நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"அக்கா, நீ மேடையில சுத்துறப்போ லிஃப்ட்காரர் என்ன பண்ணுவார்?"

"நீதானே சொன்னே. கம்பளத்தை வச்சுக்கிட்டு நிப்பார்."

"எப்ப விரிப்பார்?"

"நான் நின்ன அப்புற…"

(அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப்போவதில்லை.)

"எங்க விரிப்பார்?"

அக்கா மேஜையிலிருந்த மூன்று ஜோடிகளையும் பார்த்தாள்.

"ஐயோ அக்கா! மோட்டாரைப் பிரிச்சு மாட்டுற மனுஷன், சுருள் எந்தப் பக்கம் அடங்கும்னு அவருக்குத் தெரியாதா? உன் கண்ணு எங்க வந்து நிக்குதுன்னு பாத்து, அங்க போய் விரிச்சிருக்கார். ஒன்பது வருஷம்! நான் அவரைச் சோம்பேறின்னு திட்டிக்கிட்டிருந்தேனே!"

பக்கம் நிரப்ப எழுதிய கம்பளம். நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன்; காபி கொட்டியது. இந்தக் கையெழுத்துப் பிரதியில் ஒரு வட்டக்கறை இருக்கிறது, அச்சில் வராது.

பழுதுபார்ப்பவர் தொண்டையைச் செருமினார். "சொல்லலாமா தெரியலை. ஒரு திசையில உறுமல் நின்னா, அதுக்கு நேர் எதிர்த் திசையிலயும் நிக்கும்." (ஜன்னலுக்கு நேர் எதிரே என் ஃபிரிட்ஜ்!) "டிரம்ஸ் எந்த மூலைன்னாலும் மேடையில பின்னாடிதானே இருக்கும்? அப்போ நேர் எதிர்னா… ஜனங்க பக்கம்."

தங்கை மெல்லத் திரும்பினாள்.

"இது உனக்குத் தெரியுமா?"

அக்கா கிட்டாரின் கம்பியைத் துடைத்தாள்.

"அக்கா!"

"முதல் மாசமே தெரியும்."

அதற்குப் பிறகு அந்தக் கடையில் யார் எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. பாட்டரிக்காரர் திரையை விலக்கிப் பார்த்து, என்னவென்று தெரியாமலேயே சேர்ந்துகொண்டார். சிரித்து முடித்ததும் தங்கை மூன்றாவது ஜோடியை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத்தனை நாள் சாக்கு வச்சுக்கிட்டுப் பாத்தே. ஒருதடவை சாக்கில்லாம பாரேன்."

"பளபளப்பு குறையுமாம்."

"உன் மூஞ்சியில இருக்கு, போதும்."

7

முடிவுகள்.

ஒன்று: திரைக்கு அந்தப் பக்கம் இருந்த நிஜப் பெண் செய்ததுபோல, அக்காவும் இரைச்சலையே வாங்கிப்போகிறாள். அவர் கம்பளத்தை விரிக்கிறார், அவள் திரும்பி நிற்கிறாள், இன்னொரு ஒன்பது வருஷம். அழகான முடிவுதான். ஆனால் தங்கை என்னை வீட்டில் இருக்கவிடமாட்டாள்.

இரண்டு: அவர் கடைக்கே வந்து… (வேண்டாம். வாரநாள். எங்கேயாவது ஒரு லிஃப்ட் நின்றுபோயிருக்கும்.)

மூன்று. சனிக்கிழமை மாலை, மண்டபம். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கா ஒயரை மாட்டுகிறாள். உறுமல் இல்லை. எந்தப் பக்கமும் இல்லை. சுற்றவேண்டிய அவசியமில்லாமல் அவள் மேடை நடுவில் நிற்கிறாள். லிஃப்ட்காரர் கம்பளத்தை அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் சுற்றவில்லை. அவர் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியில் விளக்கைப் பார்க்கிறார், எரிகிறது. அவள் ஒருமுறை கம்பியை மீட்டுகிறாள். மண்டபம் முழுக்கப் பாய்கிறது. ஆக, கோளாறு இல்லை. தங்கை மைக்கில் தேவையே இல்லாமல் "செக், செக்" என்கிறாள், கண் இந்தப் பக்கம்.

அவருக்குப் புரிகிறது. இனி எந்தச் சுருளும் இடம் காட்டாது. கம்பளத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறார். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்கவேண்டியிருக்கிறது.

"எங்க விரிக்கட்டும்?"

அக்கா அவரைப் பார்க்கிறாள். மூச்சை இழுக்கிறாள். அதுவரை கேட்டது எனக்கு.

அதற்குமேல் கேட்கவில்லை. புதுப் பாட்டரிதான், கருவியிலும் குறை இல்லை. நான்தான் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன். அந்த மூன்று பேரையும் ஒட்டுக்கேட்டே இத்தனை பக்கம் எழுதியாயிற்று. இந்த ஒரு பதிலையாவது திரைக்கு அந்தப் பக்கமே விடலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் மண்டபத்துக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றாகக் கேட்கும். கேட்டதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்:

"…………………………………"

எழுதியாயிற்றா? சரி. அவர் கம்பளத்தை விரித்து முடித்ததும் என் தோளைத் தட்டுங்கள். பாட்டு ஆரம்பிப்பதற்குள் கருவியை மாட்டிக்கொள்கிறேன்.