பத்து நாளும் இருபத்தேழு

அந்த அறைக்கு மேலே மாடி கிடையாது, நேராக வெயில்தான். கட்டிலில் அப்பா. கட்டிலுக்கு முதுகு காட்டினாற்போல ஒரு மேசை. அதில் கம்பெனி கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டி, மகள் வேலை பார்ப்பாள். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்து வருடம் ஒன்றாகிறது. அவரை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள், சொல்லுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கிற இந்த வேலைதான் இரண்டு பேருக்கும் கஞ்சி.

மதியம் இரண்டு மணியானால் லேப்டாப் கொதித்துத் தானாக அணைந்துவிடும்.

“மெஷினுக்கும் மதியத் தூக்கம் வருதா மேடம்?” என்றார் சூப்பர்வைசர் போனில்.

“ரூம் அனலா இருக்கு சார். காலைல அஞ்சு மணி ஷிஃப்ட் குடுத்தீங்கன்னா வெயிலுக்கு முன்னாடியே முடிச்சிடுவேன்.”

“வாயால சொன்னா ஆச்சா? பத்து நாள் மெஷின் சூடு, ரூம் சூடு ரெண்டையும் அரை மணிக்கு ஒருதரம் குறிச்சு, கிராஃப் போட்டு அனுப்புங்க. ரூம்தான் காரணம்னா ஷிஃப்ட் மாத்தறேன். இல்லேன்னா நீங்களே அணைச்சிட்டுப் படுக்கறீங்கன்னு அர்த்தம். மெஷினத் திருப்பிக் குடுத்துடுங்க.”

லேப்டாப்பின் சூட்டை அதுவே பதிந்துகொள்ளும். அறைக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கினாள். சின்னத் திரை, அதிலிருந்து முழ நீள ஒயர், நுனியில் பட்டாணி அளவு உலோகம். அதை அப்பாவின் தலைமாட்டில் மாட்டி, அவருடைய இடது கையில் பென்சிலைக் கொடுத்தாள்.

“இதுல வர்ற நம்பரை அரை மணிக்கு ஒருதரம் எழுதுங்கப்பா. என் வேலையே இதுலதான் இருக்கு.”

“நம்பர் ஏறிடுச்சுன்னா?”

அதற்குள் ஹெட்செட்டில் அழைப்பு வந்துவிட்டது. லேப்டாப்பைக் கேட்கிறார் என்று நினைத்து, “ஏறினா போச்சுப்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அப்பா பெரிய ஆபீசர் ஆகிவிட்டார். “இரு பாப்பா, மணி ஒண்ணரை ஆகுது” என்று எழுதி முடித்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். நாற்பது வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். மதியம் அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு அவள் மேசைக்குத் திரும்புவாள். அப்படியும் அவர் கழுத்தெல்லாம் வேர்க்குரு. துணி போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இன்னும் நன்றாக நனைத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். நான்கு மணிக்கு உட்கார்ந்து நோட்டிலிருந்த எண்களை ஏற்றினாள். லேப்டாப்பின் கோடு தினமும் மலைபோல ஏறி இரண்டு மணிக்கு அறுந்தது. அறையின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போனது. இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தேழு. அவள் தாடையிலிருந்து வியர்வை சொட்டிக் கீபோர்டில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள். தலையணை ஓரத்தில் ஈரத்துணி சுருண்டிருந்தது. ஒயர் அதற்குள் போயிருந்தது.

“என்னப்பா இது?”

“ஏற விட்டேனா பாத்தியா!” பாதி முகம்தான் சிரித்தது. “முப்பத்தெட்டுக்குப் போகப் பாத்துச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தா நீ என்ன பண்ணுவே? அதே வைத்தியம்தான்.”

“உங்க நெத்திக்குப் போட்ட துணியாச்சேப்பா...”

“எனக்கென்ன, வேலையா போகுது? ஆனா பொய் ஒண்ணும் எழுதல பாப்பா. அது காட்டினதைத்தான் எழுதினேன்.”

அவள் படிக்கட்டுக்குப் போய் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

“ஈரத்துணியா? நல்லா கதை விடறீங்க மேடம். அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. அந்த நோட்டையும் போட்டோ எடுத்துப் போடுங்க.”

“இன்னும் ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா...”

போன் கட்டாகிவிட்டது. அவள் உள்ளே வந்து, கோணல் மாணலான அந்த இடது கை எழுத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். அனுப்பினாள்.

பிறகு ஒயரை உருவிவிட்டுத் துணியை அவர் நெற்றியில் போட்டாள். திரையில் எண் முப்பதானது, முப்பத்து மூன்றானது.

“பாப்பா, ஏறுது! ஏறுது!” அப்பா பதறித் துணியை இழுத்தெடுத்தார். இடது கையை நீட்டினார். ஒயர் எட்டவில்லை.

அவள் துணியை வாங்கினாள். ஒயரின் நுனியைச் சுற்றி, தண்ணீர் தொட்டு வைத்தாள். அவருக்கு வேறு துணியை நனைத்து வந்து போட்டாள்.

“இப்ப எவ்வளவுப்பா?”

“இறங்கிடுச்சு. இருபத்தேழு.”

“எழுதிக்கோங்க.”