பால் நிறத்து ரத்தம்

சங்கமித்ராவின் கால்களைப் படம் எடுத்துத்தான் அவள் பயிற்சி கொடுத்த ஜிம்முக்கு விளம்பரப் பலகை செய்திருந்தார்கள். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள், வயது முப்பத்தொன்று. பெண்களுக்கான காலை வகுப்பு அவளுடையது. தொடையில் ஒவ்வொரு தசையும் தனியாகத் தெரியும். முன்கையில் நரம்புகள் கயிறு போல ஓடும். கிள்ளிப் பார்த்தால் தோல்தான் வரும், சதை வராது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எப்படி மேடம் என்று கேட்கும்போது, வாயைக் கட்டினால் உங்களுக்கும் வரும் என்பாள். அதை அவளும் நம்பினாள். பின்கழுத்து மட்டும் கறுத்துத் தடித்துக் கிடந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள், கடலைமாவு தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. கொண்டையைத் தாழ்வாகப் போட்டு மறைத்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பின் நடுவில், மேல்வயிற்றில் வலி எடுத்தது. முந்தின நாள் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டிருந்தாள். வாயுவாக இருக்கும் என்று நினைத்துக் கையைத் தூக்கி எண்ணிக்கையைத் தொடர்ந்தாள். வலி வயிற்றைத் துளைத்து முதுகுக்குப் போனது. அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அது விடவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது: அப்பாவும் இப்படித்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

அவசரப் பிரிவில் ரத்தம் எடுத்துக் குழாயைத் தாங்கியில் செருகி வைத்தார்கள். சற்று நேரத்தில் ரத்தப் பரிசோதனைக்கூடத்துப் பையன் ஒருவன் அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தான். நர்ஸிடம் கன்னடத்தில் மெதுவாக ஏதோ சொன்னான். 'ஹாலு' என்ற சொல் சங்கமித்ராவின் காதில் விழுந்தது. பால்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

அவன் தயங்கிக் குழாயைக் காட்டினான். அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் இறங்கியிருந்தது. மேலே பாதிக்குமேல் வெள்ளை. டீக்கடையில் காய்ச்சி வைத்த பால் போல, ஏடு கூடப் படிந்தது போல இருந்தது.

"இன்னொரு வாட்டி எடுக்கணும் மேடம். மிஷின் படிக்க மாட்டேங்குது."

இரண்டாவது குழாயும் வெளுத்தது. தன் உடம்புக்குள் ஓடுவது அதுதான் என்று தெரிந்ததும் அவளுக்கு வலியைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. ஊசி குத்திய இடத்தைப் பார்க்கவே அஞ்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கணையம் வீங்கியிருந்தது. ஒரு வாரம் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் கிடந்தாள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. இத்தனை ஒல்லியான பெண்ணுக்கு எப்படி இவ்வளவு சர்க்கரை, இவ்வளவு கொழுப்பு என்று வந்த டாக்டர்கள் எல்லாம் கேட்டார்கள். குடிப்பாயா என்று மூன்று பேர் கேட்டார்கள். கடைசியாக ஹார்மோன் டாக்டர் ரூபினி வந்தார். அவர் குடியைப் பற்றிக் கேட்கவில்லை. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். தொடையைக் கிள்ளினார். கொண்டையை ஒதுக்கிப் பின்கழுத்தைத் தொட்டார்.

"எப்போலேர்ந்து கால் இப்படி?"

"வயசுக்கு வந்ததுக்கப்பறம். நான் எக்ஸர்சைஸ் பண்றேன், அதனாலன்னு..."

"எக்ஸர்சைஸ் இல்லம்மா." ரூபினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கொழுப்பு செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் இருக்கு. ஏற்பின்னு சொல்லுவோம். பீப்பார் காமான்னு அதுக்குப் பேரு. நாம சாப்பிடற கொழுப்பை உள்ள வாங்கி, அடுக்கி வைக்கச் சொல்றது அதுதான். உங்களுக்கு அது சரியா வேலை செய்யலன்னு நினைக்கிறேன். கையில கால்ல கொழுப்பு தங்க இடமே இல்ல. தங்க இடமில்லாதது எங்க போகும்? ரத்தத்துல மிதக்குது, ஈரல்ல படியுது. இன்சுலின் சொல்றதையும் உடம்பு கேக்க மாட்டேங்குது. அதான் சர்க்கரை ஏறுது, கழுத்தும் கறுக்குது."

"என் உடம்புல கொழுப்பே இல்லையே டாக்டர்."

"அதான் வியாதி."

பக்கத்தில் நின்றிருந்த அம்மா சந்திரம்மாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவள். டாக்டர்கள் முன்னால் உட்கார மாட்டாள். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று ரூபினி கேட்டபோது, "இவங்கப்பாவுக்கும் காலு இப்படித்தான். கால்பந்தாட்டக்காரன் காலுன்னு சொல்லுவாங்க" என்றாள்.

"இருக்காரா?"

"நாப்பது வயசுல பூட்டாரு. குடிச்சுக் குடிச்சு வயிறு வெந்து பூட்டாரு. சம்பளத்தன்னைக்குத்தான் குடிப்பேன்னு சத்தியம் பண்ணுவாரு. டாக்டருங்க நம்பல. நானும் நம்பல." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "அவரும் இதனாலதான் செத்தாரா?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்."

சந்திரம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடப் பொறந்தவங்க?" என்றார் ரூபினி.

"தங்கச்சி ஒருத்தி. மகா. ஸ்ரீராம்புரத்துல இருக்கா. இப்ப ஏழு மாசம்."

ரூபினி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அவங்க கால் எப்படி இருக்கும்?"

சங்கமித்ரா போர்வைக்கு வெளியே கிடந்த தன் காலைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தே ரூபினிக்குத் தெரிந்துவிட்டது. கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தத்தில் கொழுப்பு ஏறும் என்றும், இந்தக் குறை உள்ளவர்களுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றும் விளக்கினார். "ஜீன் டெஸ்ட் வர ஒரு மாசம் ஆகும். அதுக்குக் காத்திருக்க வேணாம். சாதாரண ரத்த டெஸ்ட் போதும். உடனே எடுக்கச் சொல்லுங்க. இந்தக் கணைய வீக்கம் அந்த நிலைமைல வந்தா, ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே சங்கமித்ரா ஸ்ரீராம்புரத்துக்குப் போனாள். நடக்கும்போது வயிற்றில் இன்னும் பாரம் இருந்தது. மகாவின் மாமியார் வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மகா பாயில் கால் நீட்டி உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் கரண்டியை எடுத்து அதன்மேல் இன்னும் நெய் ஊற்றினாள்.

"பாரும்மா, காலு குச்சி மாதிரி இருக்குது. வயிறு மட்டுந்தான் நிக்குது. நாங்க சோறு போடலன்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?"

நெய் பொங்கலுக்குள் இறங்குவதைச் சங்கமித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. மாமியார் அடுப்படிக்குப் போனதும் எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், பால், ஏற்பி, அப்பா. மகா மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கவனித்தாள்.

"எனக்கு ஸொல்ப சுகர் ஜாஸ்தின்னு மாத்திரை குடுத்துருக்காங்க. அவ்ளோதான். டாக்டர் வேற ஒண்ணும் சொல்லல."

"கொழுப்பு பாத்தாங்களா?"

"எதுக்குப் பாப்பாங்க? நான் குண்டா இருக்கேனா?"

"மகா, ஒரே ஒரு வாட்டி ரத்தம் குடு."

மகா அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்த வூட்ல கேட்டா இன்னா சொல்லுவாங்க தெரியுமா? வம்சத்துலயே வியாதிய வெச்சிக்கினு கட்டிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. கொயந்த பொறக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னு ஒண்ணு இல்லாம பூட்டா?"

"என்னை பயமுறுத்தாத அக்கா." மகாவின் கண் கலங்கிவிட்டது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சங்கமித்ரா சொன்னாள். சொல்லிவிட்டுத் தெருமுனை வரை வந்தவள் நின்றுவிட்டாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் தங்கை போய்விடுவாள். மீறினால் தங்கை தன்னோடு பேசமாட்டாள். இரண்டையும் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது சின்னதாகத் தெரிந்தது.

பீன்யாவில் ராகேஷ் வேலை செய்த பம்ப் தொழிற்சாலையின் வாசலில், சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றாள். அவன் மகாவின் புருஷன், அதிகம் பேசாதவன். கையில் எண்ணெய்க்கறையோடு வெளியே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் மகாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லாரிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"மகா செத்துருவாளா?"

"இப்பவே போனா சாவ மாட்டா."

அவன் உள்ளே போய் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தான்.

ராகேஷ் என்ன சொல்லிக் கூட்டிவந்தான் என்று சங்கமித்ராவுக்குத் தெரியாது. மாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகா அவளைக் கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. மகாவின் ரத்தமும் குழாயில் வெளுத்தது. சங்கமித்ராவுக்கு வந்ததைவிட அதிகம். அன்றே படுக்கையில் சேர்த்து, கொழுப்பே இல்லாத சாப்பாடும் இன்சுலின் சொட்டும் ஆரம்பித்தார்கள்.

மறுநாள் மதியம் வலி வந்தது.

முதலில் குழந்தை உதைக்கிறது என்று மகா நினைத்தாள். பிறகு அவள் முகம் மாறியதைச் சங்கமித்ரா கதவோரத்தில் நின்று பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். டாக்டர்கள் வந்தார்கள். ரூபினி வந்தார். ரத்தத்தை வெளியே எடுத்து, கொழுப்பு கலந்த நீரைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப உடம்புக்குள் செலுத்தும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். கட்டிலுக்கு அடியில் தொங்கிய பை மெல்ல நிரம்பியது. மஞ்சளாக இருக்க வேண்டிய நீர், கெட்டியான மோர் போல வெள்ளையாக வடிந்தது. கட்டிலின் இன்னொரு பக்கம் குழந்தையின் இதயத்துடிப்பு ஒரு பெட்டியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. குதிரை ஓடுவது போன்ற சத்தம். திடீரென்று அது மெதுவானது. நர்ஸ் மகாவை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். ராகேஷ் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். சங்கமித்ராவுக்குத் தன் மூச்சும் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது போல இருந்தது. பிறகு சத்தம் மறுபடி வேகம் பிடித்தது.

மகா கண்ணைத் திறந்து, கையை நீட்டி, அக்காவின் விரல்களைப் பிடித்தாள்.

"உனக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"இப்படித்தான்."

"அப்பாவுக்கும்?"

சங்கமித்ரா தலையை மட்டும் அசைத்தாள். மகா அழுதாள். வலிக்காகவா, அப்பாவுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. வாசலில் நின்றிருந்த சந்திரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

இன்னும் இரண்டு முறை அந்த இயந்திரத்தை வைத்தார்கள். கொழுப்பு இறங்கியது, வலி அடங்கியது. வீட்டுக்கு விடவில்லை. சில வாரங்கள் வெறும் இட்லி, வேகவைத்த காய், கஞ்சி என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து, நாள் நிறைவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். எடை குறைவு, ஆனால் அழுதது. சஹானா என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குள் அக்காவுக்கும் தங்கைக்கும் ஜீன் பரிசோதனை முடிவு வந்திருந்தது. ரூபினி சந்தேகப்பட்டதுதான். அந்த ஏற்பியை உண்டாக்கும் ஜீனில் இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. அது குழந்தைக்கும் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு.

மூன்றாவது மாதத்தில் சஹானாவின் தொடையில் மடிப்பு விழுந்தது. சங்கமித்ரா அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, ரூபினியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். ரூபினி சிரிக்கவில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாருக்கும் சதை இருக்கும். வயசுக்கு வர்ற சமயத்துலதான் தெரிய ஆரம்பிக்கும். தொடையைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது."

அன்றிலிருந்து குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் சங்கமித்ராவின் விரல்கள் தாமாக அந்த மடிப்பைத் தேடிப் போயின. கையை இழுத்துக்கொள்வாள். இப்போதே சோதிக்க வேண்டுமா, பிறகு பார்க்கலாமா என்று மகாவும் ராகேஷும் பல நாள் பேசினார்கள். கடைசியில் மகாதான் முடிவு செய்தாள். "தினம் தினம் காலைத் தடவிப் பாத்துக்கினு இருக்க என்னால ஆவாது" என்றாள். ரத்தம் கொடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று ராகேஷ் சங்கமித்ராவுக்கு போன் செய்தான். "இருக்குதாம்" என்றான். அவள் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்ரீராம்புரத்துக்குப் போனாள். உள்ளே நுழையப் பயமாக இருந்தது. அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கிறதோ என்று வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மகா சுவரில் சாய்ந்து, வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தாள். சங்கமித்ராவைப் பார்த்ததும் மாமியார் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாம்மா. உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். நான்தான் நெய்ய ஊத்தி ஊத்திக் கொன்னுருப்பேன், தெரியுமா உனக்கு?" குழந்தையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். "இதுக்கு எந்த வயசுலேர்ந்து நெய் குடுக்கக் கூடாது? இப்பவே தாய்ப்பால்ல ஒண்ணும் இல்லியே?"

"தாய்ப்பால் குடுக்கலாமாம். மத்தத டாக்டர் சொல்லுவாங்க" என்றாள் சங்கமித்ரா.

மகா முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஊட்டா பண்ணு மொதல்ல. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல" என்றாள். அடுப்படியில் ரசமும், எண்ணெய் விடாமல் வேகவைத்த பீன்ஸும் இருந்தன.

சங்கமித்ரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மூன்று தட்டு எடுத்து வைத்தாள். பயம் போகவில்லை. அது இனி போகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு காலை உதைத்தது. மாமியார் அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.